277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை

வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய மணிக்கூண்டு இருக்கிறது. மளிகை மூட்டை இறக்குபவர்களும் ஆட்டோக்களும் நெருக்கியடிக்கும் கடைத்தெரு. அந்த மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், எந்தத் தெரு, யாருடைய பிள்ளைகள், எங்கே செத்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு இதே வாசகத்தை, எண்களை மட்டும் மாற்றி, இந்தியாவின் பல ஊர்களில் கல்லில் வெட்டி வைத்தது. இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் செத்தார்கள். செத்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதுவதற்கு ஊருக்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை யாரும் செலவழிக்கவில்லை.

பட்டாளத்துக்குப் போய் உயிர்விட்ட நம்மவர்களை நாம் எப்படி நினைவுகூர்கிறோம் என்பதைப் பற்றி இந்தக் கட்டுரை. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து படைக்குப் போனவர்களின் சாவு பெரும்பாலும் எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. பெயராகப் பதிவான ஒரு சில இடங்களில் அந்தப் பெயரே ஒரு அரசியலைத் தாங்கி நின்றிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் தலைமுறை செய்ய வேண்டிய வேலை என்ன என்பது விளங்கும்.

பெயர் எழுதுவது நமக்குப் புதிதல்ல

செத்தவன் பெயரைக் கல்லில் எழுதும் பழக்கத்தை நமக்கு வெள்ளைக்காரன் கற்றுத்தரவில்லை. தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டுபிடிக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவனின் பெயரையும் சண்டை நடந்த ஊரையும் அதில் ஒரு கல் சொல்கிறது. அவன் அரசனல்ல. மாட்டுக்காக நடந்த ஒரு சண்டையில் விழுந்த ஆள். அவனுக்கே பெயர் இருந்தது. நடுகல் எடுப்பதற்கான படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிற அளவுக்கு அது ஊறிய வழக்கம்.

அப்படிப்பட்ட மண்ணில் 1918-க்குப் பிறகு வைக்கப்பட்ட கற்களில் எண் மட்டுமே இருக்கிறது. இதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. சாகும் ஆளின் தகுதியைப் பொறுத்துத்தான் பெயரா எண்ணா என்று முடிவானது.

பாஸ்ராவில் நடந்தது

இராக்கில் பாஸ்ரா நினைவிடம் இருக்கிறது. 1914 முதல் 1921 வரை மெசபடோமியாவில் இறந்து, கல்லறை இல்லாமல் போன 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது. பெரும்பாலோர் இந்தியர்கள். அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தனித்தனியாகப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு மட்டும் அவரவர் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஒரு மொத்த எண்ணிக்கை.

போர்க் கல்லறைகளைப் பராமரித்த ஆணையத்தின் அடிப்படைக் கொள்கையே, பதவி இனம் மதம் பாராமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வது என்பதுதான். ஐரோப்பாவில் அதைப் பெருமளவு கடைப்பிடித்தார்கள். பிரான்சின் நெவ் ஷாப்பெல் நினைவிடத்தில் 4,700-க்கும் அதிகமான இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதே கொள்கை காற்றில் போனது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருடம் கழித்து.

இந்த இனப் பாகுபாட்டை எல்லா இந்தியச் சிப்பாய்களும்தான் அனுபவித்தார்கள். அதற்குள்ளே சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். படையின் அடுக்குக்குள் வருகிறது.

1919 இறுதிவரை இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 14 லட்சத்து 40 ஆயிரம் பேர். அதில் 5 லட்சத்து 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாத பணியாளர்கள். படையின் மொழியில் ‘ஃபாலோயர்ஸ்’, பின்னால் வருபவர்கள். தண்ணீர் சுமப்பவர், காயம்பட்டவரை டோலியில் தூக்குபவர், மட்டக்குதிரை பார்ப்பவர், சமைப்பவர், துணி வெளுப்பவர், மலம் அள்ளுபவர், ரயில்பாதை போடும் கூலி. ஊரில் எந்த வேலை எந்தச் சாதிக்கு என்று இருந்ததோ, அதில் பெரும்பகுதி அப்படியே சீருடை போட்டுக்கொண்டு கப்பலேறியது. சிறைக் கைதிகளைக்கூட மெசபடோமியாவுக்கு ஏற்றிச் சென்று கூலிப்படையாக்கினார்கள்.

இவர்களும் குண்டடிபட்டுச் செத்தார்கள். அதைவிட அதிகமாகக் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களிடமும் வேறுபாடு தொடர்ந்தது. போர் முடிந்து கொடுத்த ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ சிப்பாய்க்கு வெள்ளியில் வந்தது. கூலிப்படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். ஒரே கடல், ஒரே வெயில், ஒரே சாவு. உலோகம் மட்டும் வேறு.

மெட்ராஸ் பட்டாளத்தில் நம்மவர்கள்

‘நம்மவர்கள் எடுபிடி வேலைக்குத்தான் போனார்கள்’ என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் பறையர் சமூகத்தினர் ஆயுதம் ஏந்திய வீரர்களாக இருந்தார்கள். 1780-ல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர்ஸ் பிரிவு பிறகு ‘சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ ஆனது. அதில் பறையர்களும், அவர்களில் கிறிஸ்தவம் தழுவியவர்களும் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, கோட்டைச் சுவரைத் தகர்ப்பது, வெடி வைப்பது, வெடி எடுப்பது இவர்கள் வேலை. காலாட்படை நகர்வதற்கு முன்னால் போய் நிற்க வேண்டிய வேலை அது.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கை வலுத்தது. சில இனங்களும் சாதிகளும்தான் பிறவியிலேயே சண்டைக்கு ஏற்றவை என்றது அது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைத்தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபுவுக்குத் தென்னிந்தியச் சிப்பாய்கள்மேல் மதிப்பில்லை. பஞ்சாபிகளையும் கூர்க்காக்களையும் சேர்த்து, தெற்கத்திக்காரர்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பம்பாய் மாகாணத்தில் மகர்களுக்கு 1890-களின் தொடக்கத்தில் படையின் கதவு மூடப்பட்டது. கப்பல் கப்பலாக ஆள் தேவைப்பட்ட 1914-க்குப் பிறகு அதே கதவு திறந்தது. 1917-ல் ‘111-வது மகர்கள்’ என்று ஒரு பிரிவை எழுப்பினார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைத்தார்கள். மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளையும் 1920-களில் சிக்கனம் என்று சொல்லிக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் திரும்ப எழுப்பினார்கள். சமார் ரெஜிமெண்ட் 1943-ல் தொடங்கி, கொஹிமாவில் ஜப்பானியப் படையுடன் மோதி, அதற்கான போர்க் கௌரவத்தையும் பெற்று, 1946-ல் கலைக்கப்பட்டது.

சாகடிக்க ஆள் வேண்டும்போது ‘வீரச் சாதி’, போர் முடிந்தால் ‘வீரமற்ற சாதி’. இந்த வரிசையைப் பார்த்தாலே கொள்கை எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும். ஒரு படைப்பிரிவு கலைக்கப்படும்போது அதன் இறந்தவர்களும் அநாதையாகிறார்கள். தொடர்ந்து இருக்கும் ரெஜிமெண்டுக்கு ஆண்டு விழா, நினைவுச் சின்னம், வரலாற்று நூல் எல்லாம் உண்டு. கலைந்த ரெஜிமெண்டின் சாவுகளை வருடாவருடம் சொல்ல ஆளில்லை.

மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த சுபேதார் சுப்பிரமணியனை வரலாறு அறியும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில், வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர். விருது வந்ததால் பெயர் நின்றது. அதே கண்ணிவெடி வேலையில் பதக்கமில்லாமல் சிதறிப்போன சாப்பர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு கல் என்ன செய்யும்

பெயர் எழுதிய கல் என்ன செய்யும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே பெரிய சான்று பீமா கோரேகான். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையைக் கம்பெனியின் சிறுபடை ஒன்று ஒரு நாள் முழுக்க எதிர்த்து நின்றது. சுமார் 830 பேர் கொண்ட அந்தப் படையில் கொல்லப்பட்டோர், காயம்பட்டோர், காணாமல்போனோர் 275 பேர். ஆங்கிலேயர் அங்கே நிறுத்திய தூணில் 49 பெயர்கள் இருக்கின்றன. அதில் 22 மகர்களுடையவை. ‘நாக்’ என்று முடியும் பெயர்கள். மராத்தா, ராஜபுத்திரர், முஸ்லிம் பெயர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

மகர்களைப் பெருமைப்படுத்துவதற்காக அந்தத் தூண் எழுப்பப்படவில்லை. கம்பெனி தன் வெற்றியைக் கொண்டாட எழுப்பியது. ஆனால் பெயர்களை எழுதிவிட்டது. எழுதிவிட்டால் அந்தக் கல் எழுதியவனுக்கு மட்டும் சொந்தமாக இருக்காது.

படை மகர்களை வெளியே தள்ளியபோது, ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் படைத்தளபதிக்கு விண்ணப்பம் எழுதினார். 1910-ல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மறுபடி விண்ணப்பித்தார். எங்கள் முன்னோர் உங்களுக்காகச் செத்தார்களே என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. அவர்கள் கேட்டது வேலை மட்டுமா? படையில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். படைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். அம்பேத்கர் 1891-ல் பிறந்ததே மஹூ படைமுகாமில்தான். கதவு மூடப்பட்டபோது கூலியோடு சேர்ந்து அடுத்த தலைமுறையின் படிப்பும் மூடப்பட்டது.

1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்கு வந்தார். அதன்பிறகு ஆண்டுதோறும் மக்கள் கூடும் இடமாக அது ஆனது. 1941-ல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அவர் வலியுறுத்தியதும் சேர்ந்து, அதே ஆண்டில் மகர் ரெஜிமெண்ட் எழுந்தது. அதன் தொடக்ககாலச் சின்னத்தில் கோரேகான் தூண் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன 22 பேரின் பெயர்கள் ஒரு சமூகத்துக்கு வாதமாகவும் கூடும் இடமாகவும் ஆகிவிட்டன. 2018-ல் இருநூறாம் ஆண்டுக்குத் திரண்டவர்கள்மீது வன்முறை ஏவப்பட்டதும், அதைத் தொடர்ந்த வழக்கில் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்ததும் நாம் பார்த்தவை. பெயருக்கு அவ்வளவு பயம்.

நினைப்பது வேறு, கொண்டாடுவது வேறு

இங்கே நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். கோரேகானில் போரிட்டவர்கள் சாதியை ஒழிக்கும் நோக்கத்தோடு களத்துக்குப் போனார்கள் என்று சொல்வது வரலாறு ஆகாது என்று ஆனந்த் டெல்டும்டே 2018-ல் எழுதினார். நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் கேட்க வேண்டியது இருக்கிறது. அவர்கள் சம்பளத்துக்காகப் போனார்கள். பேஷ்வா ஆட்சியில் மகரின் நிழல்கூடத் தீட்டாக இருந்த காலத்தில், மாதச் சம்பளமும் சீருடையும் தரும் இடத்துக்கு ஒருவன் போவது இயல்பு. அவன் போன காரணத்தை நாம் புனைய வேண்டியதில்லை. அவன் செத்ததற்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் பெயரை வைத்து என்ன செய்தார்கள் என்பது உண்மையான வரலாறு. அதற்குப் புனைவு தேவையில்லை.

இன்னொரு பக்கம், ‘வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவன்தானே’ என்று ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே வெள்ளைக்காரனின் படையில் ராஜபுத்திரரும் மராத்தாவும் ஜாட்டும் இருந்தார்கள். அவர்களுடைய ரெஜிமெண்டுகள் இன்றும் அதே பெயரில் பெருமையோடு நடக்கின்றன. துரோகப் பட்டம் மட்டும் ஒரு சாதிக்குத் தனியாகத் தரப்படுகிறது.

‘நாங்களும் போர்க்குடிதான்’ என்று நிரூபிப்பதற்காகவும் நாம் இறந்தவர்களை நினைக்க வேண்டாம். அந்தப் பட்டம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பொய். பல ஊர்களில் படைக்குப் போவது என்பது நிலமில்லாத வீட்டின் ஒரே அரசு வேலையாக இருந்தது, இன்னும் இருக்கிறது. மாலை போட்ட சீருடைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து குடும்ப ஓய்வூதியத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்க்குத் தெரியும், அந்தச் சாவுக்கு என்ன விலை என்று. அவளிடம் போய்த் தியாகம் என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

டெல்லியில் பெயர், ஊரில் இடமில்லை

சுதந்திர இந்தியாவில் பெயர் எழுதும் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 2019-ல் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கிரானைட்டில் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பதவி பார்க்காமல், சாதி பார்க்காமல். இது நியாயமான ஏற்பாடு. ஆனால் பெயர் எழுதிய கல் டெல்லியில் இருக்கிறது. உடல் வருவது ஊருக்கு.

2016 ஜூன் மாதம் காஷ்மீரின் பாம்போரில் துணை ராணுவ வாகனத்தின்மீது நடந்த தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தவர், நட் சமூகத்தவர். அவர் உடலைப் பொது நிலத்தில் எரிக்கவும் அங்கே ஒரு சிலை வைக்கவும் குடும்பம் இடம் கேட்டது. ஊரின் ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் பேசிப் பார்த்த பிறகுதான் சிறு இடம் கிடைத்தது என்று செய்திகள் வந்தன. தேசியக்கொடி போர்த்திய உடல். ஊர் எல்லைக்குள் வந்ததும் கொடியைத் தாண்டிச் சாதி தெரிந்துவிட்டது.

வடநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2019 ஆகஸ்டில் அன்றைய வேலூர் மாவட்டத்தின் வாணியம்பாடி அருகே, மயானத்துக்குப் பாதை விட மறுத்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. தனி மயானமும் இல்லாத பாதையும்தான் நம் ஊர்களில் சாதாரணம். பட்டாளத்துக்காரன் உடலும் அதே பாதையில்தான் போக வேண்டும். ஆகவே இறந்த வீரனை மதிக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே மயானமா?

நாம் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய எண்களைப் பெயர்களாக்கும் வேலையை அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படைப்பிரிவு வாரியாகத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் வரை இருக்கும். ஊர்ப் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் நம் ஊர் புரிபடும். அதில் சாதி இருக்காது. அதனால் பதிவேட்டோடு ஊருக்குப் போக வேண்டும். காலனியில் ‘பட்டாளத்தார் வீடு’ எது என்று கேட்டால் சொல்வார்கள். அங்கே டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு டிஸ்சார்ஜ் சான்று, ஒரு பதக்கம், பெயர் பொறித்த ஒரு டம்ளர் இருக்கலாம். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள்; எண்ணும் பெயரும் பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

பாட்டிகளிடம் பேசுங்கள். எந்தப் போர் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘பஸ்ராவுக்குப் போனார்’, ‘பர்மாவுக்குப் போனார், வரவேயில்லை’ என்பார்கள். வராதவனுக்கு எந்த நாளில் படைத்தார்கள், தாலியை எப்போது அறுத்தார்கள், தகவல் யார் மூலம் வந்தது, பணம் வந்ததா என்று கேளுங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது. கிடைத்த பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அந்த ஊர் நூலகத்தில் ஒரு படி வையுங்கள். முடிந்தால் தெருமுனையில் ஒரு கல் வையுங்கள். சிப்பாயின் பெயரும் மலம் அள்ளப் போனவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒரே கல்லில் இருக்கட்டும்.

கோரேகானில் 22 பெயர்கள் போதுமானதாக இருந்தன. வேலூரில் தேட வேண்டியது 14.

ஜெய் பீம்.